பட்டாசு வழக்குகளும் பழவேற்காட்டுக் கரையும்

தீபாவளிக்கு மறுநாள் செய்திகளில் இரண்டு எண்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து தரும் காற்று மாசின் அளவு. மற்றொன்று, நேரக் கட்டுப்பாட்டை மீறிப் பட்டாசு வெடித்ததாகக் காவல் துறை பதிந்த வழக்குகளின் எண்ணிக்கை. முதல் எண்ணை வைத்துக்கொண்டு சில நாள்களாவது விவாதம் நடக்கிறது. இரண்டாவது எண் ஒரு நாள் செய்தியாக வந்து மறைந்துவிடுகிறது. அந்த எண்ணுக்குள் இருப்பவர் யார், எந்தத் தெருவில் பிடிக்கப்பட்டனர், அவ்வழக்குகள் பின்னர் என்னவாயின என்று கேட்பார் இல்லை.

இக்கேள்விகளை நாம் பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து கேட்க விரும்புகிறோம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது அக்கரை. சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. நகரத்துக்கென்று பிறக்கும் பட்டாசுக் கட்டுப்பாடு, ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் வரும் வனத்துறைச் சட்டம், மீனவக் குப்பங்களின் ஊர்க் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் அங்கே ஒரே மண்ணில் செல்லுபடியாகின்றன. மூன்றிலும் தலித்துகளும் இருளர்களும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பது நம் வாதம். ஆனால் முதலில் நகரத்தின் சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

2015ஆம் ஆண்டு தில்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. அர்ஜுன் கோபால் வழக்கு என்று அது அறியப்படுகிறது. அவ்வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பே இன்றுவரை பட்டாசுக் கட்டுப்பாட்டின் அடித்தளம். தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம் என்றது தீர்ப்பு. பேரியம் உப்புகள் சேர்க்கக் கூடாது, சரவெடி கூடாது, உரிமம் பெற்ற வணிகர் மட்டுமே விற்கலாம், இணையவழி விற்பனை கூடாது என்பனவும் அதில் இருந்தன. தமிழ்நாடு அரசு மீண்டும் முறையிட்டதன் பேரில், மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் மாநிலமே நேரத்தைத் தீர்மானிக்கலாம் என்று ஒரு வாரத்தில் திருத்தம் வந்தது. காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று நாம் பழகிவிட்ட நேரங்கள் அப்படிப் பிறந்தவை.

அத்தீர்ப்பில் இன்னொரு வரி உண்டு. விதிமீறல் நடந்தால் அந்தப் பகுதியின் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி தனிப்பட்ட முறையில் பொறுப்பாவார், அது நீதிமன்ற அவமதிப்பாகவும் கருதப்படும் என்பது அந்த வரி. பட்டாசு வழக்குகளின் எண்ணிக்கை ஏன் உயர்ந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை. தம் வேலைக்கு ஆபத்து வராமலிருக்க, நடவடிக்கை எடுத்தோம் என்று காட்ட ஒவ்வொரு நிலையத்துக்கும் சில வழக்குகள் தேவைப்பட்டன. 2018 நவம்பர் 6 தீபாவளியன்று தமிழ்நாடு முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின.

ஒரு காவல் நிலையத்துக்கு இரவு எட்டரை மணிக்கு ஒரு வழக்கு தேவை என்று வைத்துக்கொள்வோம். அது எங்கே கிடைக்கும்? வாயிற்காவலர் நிற்கும் அடுக்ககத்தின் உள்முற்றத்தில் வெடிக்கும் வெடிக்கும் அதே ஓசைதான், அதே புகைதான். ஆனால் அங்கே நுழைய வாயிலில் பெயர் சொல்ல வேண்டும். சங்கச் செயலாளரிடம் பேச வேண்டும். வெடித்தவரின் உறவினர் யாரோ ஓர் அதிகாரியாக இருந்துவிடக் கூடும். மொட்டை மாடியில் வெடிப்பவரைக் கீழிருந்து அடையாளம் காண்பது கடினம். ஒண்டுக் குடித்தனங்களும் குடியிருப்பு வாரிய வீடுகளும் இருக்கும் தெருவில் முற்றமும் இல்லை, மாடியும் இல்லை. அங்கே தெருவே முற்றம். வண்டியிலிருந்து இறங்காமலேயே ஒரு வழக்கு கிடைத்துவிடுகிறது. இதற்குத் தனிப்பட்ட காவலர் ஒருவர் சாதி வெறியராக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அப்படி இருந்தால் வேலை இன்னும் எளிது, அவ்வளவே. சேரியை முன்கூட்டியே ‘பதற்றப் பகுதி’ என்று குறித்து வைத்திருக்கும் நிலையங்களில் ரோந்து வண்டி முதலில் எங்கே திரும்பும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. (அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். ரோந்துப் பாதைகளிலும் அந்த நீக்கம் நடந்தால் நல்லது.) கட்சித் தலைவரின் வருகைக்கும் நடிகரின் முதல் நாள் காட்சிக்கும் நடுச்சாலையில் ஆயிரம் வாலாக்கள் வெடிக்கும்போது எவரும் கடிகாரம் பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வழக்குகளின் சட்டத் தகுதி என்ன? பெரும்பாலானவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவின் கீழ் பதியப்பட்டன. அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை என்பது குற்றம். அதற்குத் தண்டனை ஒரு மாத வெறுங்காவல் அல்லது 200 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மனித உயிருக்கு ஆபத்து விளைந்தால் ஆறு மாதமும் 1,000 ரூபாயும். இன்று அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவாகி, அபராதமும் தண்டனைக் காலமும் கூடியிருக்கின்றன. இந்தப் பிரிவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சம்பந்தப்பட்ட அரசு ஊழியரோ அவருக்கு மேலதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்து வடிவில் புகார் கொடுத்தால் ஒழிய, நீதிமன்றம் இக்குற்றத்தை விசாரணைக்கு எடுக்க முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 195ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 215ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இதன் அடிப்படையில்தான் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், 188ஆம் பிரிவின் கீழ் காவல் துறை முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்று கூறி வழிகாட்டு நெறிகளையும் வகுத்தது. அத்தீர்ப்பின் தேதி 2018 செப்டம்பர் 20. அதற்குப் பின் ஏழு வாரம்கூட ஆகாத தீபாவளியில்தான் அந்த இரண்டாயிரம் வழக்குகள். போராட்டங்களில் பங்கேற்றவர்கள் மீதான பல வழக்குகளை உயர் நீதிமன்றம் பின்னர் இத்தீர்ப்பைக் காட்டியே ரத்து செய்திருக்கிறது. பட்டாசு வழக்குக்காக உயர் நீதிமன்றம் வரை செல்பவர் எத்தனை பேர்?

வெடிபொருளையோ நெருப்பையோ அசட்டையாகக் கையாளுவது பற்றிய 285, 286ஆம் பிரிவுகளைச் சேர்த்தால் இந்தத் தடை பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய சட்டத்தில் அவை 287, 288. ஆனால் அப்பிரிவுகளுக்கு, பிறர் உயிருக்கு ஆபத்தோ உடலுக்குக் காயமோ விளையக்கூடிய அசட்டை இருந்தது என்று காட்டியாக வேண்டும். இரவு மணி எட்டே கால் ஆகியிருந்தது என்பது அதற்குப் போதாது.

சிறு வழக்குதானே, அபராதம் கட்டினால் முடிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. காவல் நிலையத்திலேயே பிணை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், பிறகு என்ன என்பார்கள். கல்லூரி மாணவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 200 ரூபாய் கட்டுவது என்பது சட்டப்படி ஒரு குற்றத் தீர்ப்பை ஏற்றுக்கொள்வதாகும். தமிழ்நாட்டில் காவலர் பணிக்குத் தேர்வாகிறவரின் முன்வரலாறு சரிபார்க்கப்படும்போது, பணி விதிகளின் 14(ஆ) பிரிவு வந்து நிற்கிறது. சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்றவழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்கிறது அவ்விதி. சந்தேகத்தின் பலனால் விடுதலையானாலும், சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையானாலும் ‘சம்பந்தப்பட்டவர்’ என்றே கருதப்படும் என்று அதன் விளக்கம் கூறுகிறது. வழக்கு நிலுவையில் இருந்து பின்னர் முழுமையான விடுதலை கிடைத்தாலும், அடுத்த தேர்வில் புதிதாகக் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குத் தகுதி. முதல் தலைமுறையாகப் படித்து வரும் தலித் இளைஞருக்கும் இருளர் இளைஞருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அரசுப் பணிகளில் அது ஒன்று. விடியலில் ஏரிக்கரைச் சாலையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன்கள் எல்லாக் கடலோர ஊர்களிலும் இருக்கிறார்கள். பத்தொன்பது வயதில் தீபாவளி இரவு பிடிபட்ட ஒருவர், இருபத்திரண்டு வயதில் உடல்தகுதித் தேர்விலும் எழுத்துத் தேர்விலும் வென்ற பின்னர் அந்த முதல் தகவல் அறிக்கையை மீண்டும் சந்திக்கிறார். உள்முற்றத்தில் வெடித்தவரின் மகன் அப்பணிக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை. விண்ணப்பித்தாலும் அவர் பெயரில் வழக்கு இல்லை.

பதினெட்டு வயது நிறையாதவர்கள் விஷயம் வேறு. கொடுங்குற்றம் அல்லாதவற்றில் சிறார் மீது முதல் தகவல் அறிக்கை பதியாமல் நிலையப் பொதுக் குறிப்பேட்டில் மட்டும் பதிவு செய்ய வேண்டும் என்பது இளைஞர் நீதி விதிகள் கூறும் நடைமுறை. சிறு வயதுக் குற்றம் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பையும் உண்டாக்காது என்று 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. பிடிபட்டவரின் வயதைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் அறிவிக்கும் செய்திக் குறிப்பில் இவையெல்லாம் அடங்குவதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறை அறிக்கைகளைப் படித்தவர்கள் அறிவார்கள்: நாட்டு மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக இருக்கும் பட்டியல் சாதியினர் சிறைகளில் அதைவிடக் கூடுதல் பங்கில் அடைபட்டிருக்கின்றனர். அந்தக் கூடுதல் பங்கு கொலை வழக்குகளால் மட்டும் உண்டாவதில்லை. சிறு வழக்குகளில் தொடங்கும் பதிவேடு அது.

இனி, தீர்ப்பு தடை செய்தவற்றில் எது உண்மையில் அமலாகிறது என்று பார்க்க வேண்டும். பேரியம் கலந்திருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். உரிமம் முறையானதா, கிடங்கில் அனுமதித்த அளவுதான் இருக்கிறதா என்பதற்கு வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையும் வருவாய்த் துறையும் பண்டிகைக்கு மாதங்கள் முன்பே சோதனை நடத்தியிருக்க வேண்டும். கையில் கடிகாரம் மட்டும் இருக்கும் காவலருக்கு அமல்படுத்த முடிந்தது நேரம் ஒன்றே. ஆகவே ஒரு நீண்ட தீர்ப்பு தெருவுக்கு வரும்போது இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது.

மேலே என்ன நடக்கிறது? உச்ச நீதிமன்றமே 2020இல் மத்தியப் புலனாய்வுத் துறையின் சென்னை இணை இயக்குநரிடம் சில உற்பத்தி நிறுவனங்களைப் பற்றி விசாரிக்கச் சொன்னது. தடை செய்த பேரியம் பயன்படுத்தப்படுவதையும், உறையில் அச்சிட்டிருக்கும் விவரத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் பொருத்தம் இல்லாததையும் அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது. 2021 அக்டோபர் 29 அன்று நீதிமன்றம் கடுமையாகப் பேசியதற்கு அதுவே பின்னணி. தலைமைச் செயலர் முதல் நிலைய அதிகாரி வரை பொறுப்பு என்று அப்போது கூறப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 12 அன்று விருதுநகர் மாவட்டம் அச்சன்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் குத்தகைக்கும் உள்குத்தகைக்கும் விடப்பட்டிருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து குழு அமைத்து விசாரித்தபோதும் இந்த உள்குத்தகை முறையே மையமாக நின்றது. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பங்கைச் செய்து தரும் அம்மாவட்டத்தில் கூலிக்கு மருந்து இடிப்பவர், திரி செருகுபவர், மணி மருந்தை வெயிலில் உலர்த்துபவர் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்பதை அவ்வட்டாரத் தோழர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்துக்குப் பிறகும் அதே பாடத்தை அச்சன்குளத்தில் படிக்க வேண்டியிருந்தது.

விற்பனையிலும் இதே கதைதான். 2023 அக்டோபர் 7 அன்று ஓசூருக்கு அப்பால், கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கிடங்கு எரிந்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். பண்டிகைக் காலத்தில் சில வாரக் கூலிக்குச் சென்ற மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள். பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஆவடியை அடுத்த பட்டாபிராமில், 2025 தீபாவளிக்கு முந்தைய நாள் ஒரு வீட்டில் இருந்த நாட்டு வெடிகள் வெடித்து நால்வர் இறந்தனர். சட்டவிரோதப் பட்டாசு என்று உண்மையில் சொல்லத்தக்கது இதுதான். இதைக் கண்டுபிடிக்கப் புலனாய்வு வேண்டும். உரிமப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் வேலை செய்ய வேண்டும். தீபாவளியன்று இரவு தெருவில் நிற்பதால் இது அகப்படாது.

பண்டிகை நாளில் மட்டும் விழிக்கும் சட்டம் எப்படி இருக்கும் என்பதைப் பழவேற்காட்டு மக்கள் பட்டாசுக்கு முன்பே வேறொன்றில் பார்த்திருக்கிறார்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. முகத்துவாரம் அருகே படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த 22 பேர் மூழ்கி இறந்தனர். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் சென்னையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் கூட்டம் வருகிறது, தடுப்புகள் வைக்கப்படுகின்றன, ஒலிபெருக்கி எச்சரிக்கிறது. மறுநாள் தடுப்புகள் போய்விடும். உயிர்காப்பு மேலங்கியும் அளவான பயணிகளும் உரிமமும் காப்பீடும் கொண்ட முறையான படகுச் சேவையை அரசு அமைத்திருந்தால், மீன்பாடு குறைந்த நாள்களில் அது அம்மக்களுக்கு ஒரு வருமானமாக இருந்திருக்கும். தடை மட்டும் இருக்கும் இடத்தில், தடையை மீறி நான்கு பேரை ஏற்றும் ஏழைப் படகோட்டியே குற்றவாளியாக எஞ்சுகிறார்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் கிளம்பும் நாள்களிலும் பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு வருகிறது. வானத்தை அதிரவைக்கும் அந்த வெடிக்காக ஒரு நாள் கூலியை இழப்பவர்கள் அவர்கள். அத்தீவில் முன்பு வாழ்ந்த ஏனாதிப் பழங்குடியினர் ஏவுதளத்துக்காக வெளியேற்றப்பட்டதும் அதே வரலாற்றின் பகுதி. ஏவுதளம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஓசைக்கும் புகைக்கும் யாருடைய நாள் விலையாகிறது என்ற கணக்கு இக்கரையில் புதிதன்று என்பதற்காகச் சொல்கிறோம்.

தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் வரத் தொடங்கும் பருவத்தில்தான் தீபாவளி வருகிறது. அவை நிறைந்திருக்கும் பருவத்தில் புத்தாண்டும் பொங்கலும். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் உயிரினங்களுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய வேதிப்பொருளையோ வெடிபொருளையோ எவரும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதாவது பழவேற்காட்டில் ஒரு பையன் வெடிக்கும் வெடி, நேர விதியை மீறியதோடு, வனவுயிர்க் குற்றமாகவும் விரிக்கப்படக் கூடும். நகரத்து இளைஞருக்கு 200 ரூபாய் அபராதம் என்றால், ஏரிக்கரை இளைஞருக்கு அதைவிடப் பல மடங்கு கடுமையான ஒரு சட்டம் கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கிறது. பழங்குடியினர் மீதும் கரையோர ஏழைகள் மீதும் வனச்சட்டங்கள் இதுவரை எப்படிப் பாய்ந்திருக்கின்றன என்பதை அறிந்த நாம், இந்தச் சாத்தியத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது.

பறவைகளுக்குத் தொந்தரவு கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏரிக்குத் தெற்கே அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்று முகத்தில் ஆண்டுக்கணக்கில் படிந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில், எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். வடசென்னைக் கரையின் காற்றுக்கு இரண்டு மணி நேரக் கடிகாரம் எதுவும் கிடையாது.

வழக்கு இல்லாமல் வெடியை நிறுத்திய ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. வனத்துறையினர் இனிப்பு கொடுத்து அவர்களுக்கு நன்றி சொல்கிறார்கள். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் பறவைகளை ஊரே காக்கிறது. இதையே பழவேற்காட்டிலும் செய்யலாமே என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சொல்லக்கூடும். நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சொல்பவர்கள் பழவேற்காட்டில் ‘ஊர்’ என்றால் யார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் மிகுந்த இடங்களில் சுத்துவலை கட்டும் உரிமையைக் குப்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படுகிறது. வளத்தைச் சண்டையின்றிப் பகிரும் சமூக மேலாண்மைக்கு எடுத்துக்காட்டு என்று ஆய்வாளர்கள் இதைப் புகழ்ந்திருக்கிறார்கள். அதே ஆய்வுகள் இன்னொன்றையும் பதிவு செய்திருக்கின்றன. பாட்டில் இடம் பெறுபவர்கள் பட்டினவர்கள். ஏரியை நம்பி வாழும் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அந்தச் சீட்டில் பெயர் இல்லை. முட்டளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் எடுக்கும் இருளர் பெண்கள் நல்ல பாடுகளுக்கு வெளியேதான் தடவ வேண்டும். பட்டினவர்களும் மிகப் பிற்படுத்தப்பட்ட, துறைமுகங்களாலும் ஆலைகளாலும் நசுக்கப்படும் மக்கள் என்பதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. அவர்களுடைய போராட்டங்களில் நாம் உடன் நிற்கிறோம். ஆனாலும் ஊர்ப் பஞ்சாயத்து கூடி ஒரு முடிவெடுத்து, அது ஏரிக்கரை மக்கள் அனைவரின் ஒப்புதலாக அரசுக் கோப்பில் ஏறும்போது, அதில் தலித் தெருவின் குரல் இருக்காது. கட்டுப்பாட்டில் பங்கு உண்டு, முடிவில் பங்கு இல்லை என்ற பாட்டு முறையின் நியாயமே வெடிக்கும் வந்து சேரும். ஊர்க் கட்டுப்பாட்டை மீறியதாக ஊருக்கு வெளியே இருப்பவர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டால் அது வெடியோடு நிற்காது என்பதும் நாம் அறிந்ததே.

பொது இடத்தைப் பற்றியும் ஒரு சொல். 2018 தீர்ப்பு, தனித்தனியாக வெடிப்பதற்குப் பதில் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த பொது இடங்களில் கூட்டாக வெடிக்கும் முறையை அரசுகள் ஆராய வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலும் ஆண்டுதோறும் இந்த அறிவுரை அறிக்கைகளில் வருகிறது. எந்தப் பொது இடம்? கோயில் திடலா, ஊர் மந்தையா, மீன் ஏலக்கூடத்து முற்றமா? அந்தத் திடலில் தலித் குழந்தைகள் மத்தாப்புக் கொளுத்த முடியுமா என்று கேட்காமல் இந்த யோசனையை முன்வைப்பவர்கள் தமிழ்நாட்டு ஊர்களை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

இதற்கு ஏற்கெனவே சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் கிராம சபை உறுப்பினர்கள். சாதி பார்த்து அழைக்கும் ஊர்க் கூட்டத்திலிருந்து அது வேறுபடுவது அங்கேதான். அக்டோபர் 2 கிராம சபை பெரும்பாலும் தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு வருகிறது. பறவைகளுக்காக எந்தப் பகுதியில் வெடி வேண்டாம், எந்தத் திடல் அனைவருக்கும் பொது, மீறினால் வழக்கு அல்லாத என்ன நடவடிக்கை என்பதை அங்கே தீர்மானமாக எழுதலாம். குடியிருப்புகள் அனைத்துக்கும் தண்டோரா போட்டுச் சொல்லி, தலித், இருளர் குடியிருப்புகளிலிருந்து பெண்களும் வந்து பேசிய பின் எழுதப்படும் தீர்மானத்துக்கு வனத்துறை இனிப்பு கொடுத்தால் நாமும் வாங்கிக்கொள்வோம்.

மாணவர் அமைப்புகள் இந்த ஆண்டே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கடந்த தீபாவளிகளில் பதிந்த பட்டாசு வழக்குகள் எத்தனை, எந்தப் பிரிவுகளில், எந்தத் தெருக்களில், கைதானவர்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர், பதினெட்டு வயதுக்குக் கீழ் எத்தனை பேர், எத்தனை வழக்குகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாநகரக் காவல் ஆணையரகத்திலும் கேட்கலாம். அதே மனுவில், அதே ஆண்டுகளில் உரிமத்தை மீறிய எத்தனை கிடங்குகள் மூடப்பட்டன என்பதையும் வருவாய்த் துறையிடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே வழக்கில் சிக்கியிருப்பவர்களுக்கு: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். பழவேற்காட்டுக்காரர்களுக்கு அதற்கான வட்டக் குழு பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 200 ரூபாயைக் கட்டிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வாசலுக்குச் செல்லுங்கள்.